கீழ்ப்பாலத்துக்கும் வில்லோ வளைவுக்கும் நடுவே

கார்வர்டன்
நவம்பர் 14, 2021

அன்புள்ள வெண்டல்,

உறையில் நகராட்சி முத்திரை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இதை என் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, என் சொந்தத் தாளில் எழுதுகிறேன்.

இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். இரண்டு முறையும் உங்கள் அக்கா கிரேட்டாதான் எடுத்தார். "அவன் பேரிக்காய் மரத்துக்குக் கவாத்து பண்ணிட்டு இருக்கான். உங்ககிட்ட பேசுறதுக்கு அவனுக்கு ஒண்ணும் இல்ல. வைங்க போனை" என்றார். ஆகவே கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். மில்லிகன் ஓடையில் கோஹோ சால்மன் மீன்கள் இந்த வருஷமும் செத்துவிட்டன. கடலிலிருந்து ஏறி வந்தவை பதினான்கு. செத்தவை பன்னிரண்டு. பழங்குடி மீன்வள அலுவலகத்திலிருந்து டெல்மா ஜார்ஜ் வந்து வயிற்றைக் கீறிப் பார்த்தார். பெண் மீன்கள் ஏழு. ஏழின் வயிற்றிலும் முட்டை அப்படியே இருந்தது. ஒன்றுகூட முட்டையிடவில்லை.

நீங்கள் போன பிறகு இது இரண்டாவது வருஷம்.

எல்லாம் கீழ்ப்பாலத்துக்கும் வில்லோ வளைவுக்கும் நடுவேதான் செத்தன. இருநூறு அடி தூரம்கூட இருக்காது. வளைவைத் தாண்டிப் போன இரண்டும் உயிரோடு இருக்கின்றன. சாலைத் தண்ணீர் முழுவதும் நாம் வெட்டிய மண்பாத்திகளில் வடிந்த பிறகுதான் ஓடையில் சேர்கிறது. அப்படியானால் அந்த வளைவுப் பக்கத்தில் வேறு எதுவோ கலக்கிறது. எங்களிடம் உள்ள வரைபடத்தில் அங்கே குழாய் எதுவும் இல்லை. ஓடை ஓடும் நம் நகராட்சிப் பூங்காவில், மண்ணுக்கு அடியில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

பழைய விஷயத்தை இந்தக் கடிதத்தில் பேச நான் விரும்பவில்லை. அந்த இடத்தில் குழாய் உண்டா, இல்லையா? அதை மட்டும் சொன்னால் போதும்.

ஜூடித் இகாராஷி


வெனாச்சி பள்ளத்தாக்கு
நவம்பர் 22, 2021

மதிப்பிற்குரிய இகாராஷி அவர்களுக்கு,

பதினோரு வருஷம் ஒரே வண்டியில் போனோம், ஒரே குடுவையிலிருந்து காபி ஊற்றிக் குடித்தோம். அப்புறம் நடந்தது நடந்தது. இனி 'அன்புள்ள' எல்லாம் வேண்டாம்.

முத்திரை இல்லை என்று நீங்களாகவே எடுத்துச் சொன்னதால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. உண்மையிலேயே சொந்தக் கடிதம் எழுதுகிறவர்கள் உறையைப் பற்றிப் பேச மாட்டார்கள். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? இயக்குநர் ஹென்ஷாவா, நகராட்சி வக்கீலா?

அக்கா கடிதத்தைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "உன்னை வேலையை விட்டுத் துரத்துனவ இப்ப உன்கிட்டயே வழி கேக்குறாளா? பதில் போடாதடா. குழாய் எங்க இருக்குன்னு நீ சொன்னா, 'பாத்தீங்களா, இவனுக்குத்தான் தெரியும், இவன்தான் ஊத்தியிருப்பான்'னு ஆரம்பிப்பா."

அக்கா எல்லாரையும் அப்படித்தான் சொல்வாள், ஊர்ப் பாதிரியாரையும் சேர்த்து. ஆனால் இந்த முறை அவள் சொல்வது சரி என்றுதான் பட்டது.

எனக்கு நினைவிருக்கிறது. பூங்கா வாசலில் 'மீனுக்குப் பாதுகாப்பான பூங்கா' என்று ஒரு பலகை இருக்கிறதே, அதைப் புதுப்பிக்கும் வருஷம் அடுத்த வருஷம். அதற்குள் ஒரு குற்றவாளி தேவை. பழைய குற்றவாளியே கிடைத்தால் அலைச்சல் மிச்சம்.

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. விசாரணையின் கடைசி அரை மணி நேரம் என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினீர்கள். உள்ளே என்னைப் பற்றி நீங்கள் என்ன சொன்னீர்கள்? வார்த்தை மாறாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். தொலைபேசி வேண்டாம். பேச்சை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம் என்று அந்த அறையில் கற்றுக்கொண்டேன்.

அது வரட்டும். குழாயைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

வெ. ஹோக்ஸ்ட்ரா


கார்வர்டன்
டிசம்பர் 1, 2021

வெண்டல்,

என் பக்கத்தில் யாரும் இல்லை. நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கவும் மாட்டேன்.

2020 ஜனவரி 16-ஆம் தேதி, கதவைச் சாத்திய பிறகு நான் சொன்னது இது: "அவரோட வண்டியில, இருக்கைக்குப் பின்னாடி, களைக்கொல்லி டப்பா இருந்துச்சு. பாதிதான் மிச்சம். வளைவுல தண்ணிக்குப் பத்தடி தள்ளி இலையெல்லாம் மஞ்சளாக் கருகியிருந்துச்சு. ஓடையிலேர்ந்து ஐம்பதடிக்குள்ள மருந்து அடிக்கக் கூடாதுங்கிறது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரிஞ்சதைவிட நல்லாவே தெரியும். மீனை யாரு கொன்னதுன்னு கேட்டீங்கன்னா, எனக்குச் சந்தேகமே இல்ல."

கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டாம். கண்ணால் பார்த்தது டப்பாவும் இலையும்தான். ஹென்ஷா கேட்டார், எல்லாரும் என்னையே பார்த்தார்கள், சொன்னேன். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இப்போது என் முறை. நீங்கள் நேராகக் கேட்டீர்கள், நானும் நேராகக் கேட்கிறேன்.

அக்டோபர் கடைசி வாரத்தில் வெள்ளைக் கூண்டு போட்ட பச்சை வண்டி ஒன்று கீழ்ப்பாலத்தருகே நின்றதை டெல்மா பார்த்திருக்கிறார். எண் பலகையைச் சுற்றி இருந்த சட்டத்தில், மலைக்குக் கிழக்கே உங்கள் பக்கத்து வண்டி விற்பனையாளர் பெயர் இருந்ததாம். மறுநாள் வளைவில் பூட்ஸ் தடம் பார்த்தேன். உங்கள் பூட்ஸ் மாதிரி, வலது குதிகால் தேய்ந்த தடம். யாரோ ஏதோ வெட்டியிருந்தார்கள். அடுத்த வாரம் முதல் மழை பெய்தது. மீன் செத்தது.

அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

ஜூடித் இகாராஷி


வெனாச்சி பள்ளத்தாக்கு
டிசம்பர் 9, 2021

ஓ, அப்படியா!

ஆக, குழாய் தேடிக் கடிதம் எழுதவில்லை. ஆளைத் தேடி எழுதியிருக்கிறாய். பூட்ஸ் தடத்தை அளந்துகூட வைத்திருப்பாய். அப்படிப்பட்ட ஆள்தான் நீ.

வந்தேன். அக்டோபர் 27. அக்காவுக்குச் சியாட்டிலில் கண் மருத்துவரிடம் தேதி. அவளை அங்கே விட்டுவிட்டு ஒரு மணி நேரம் வடக்கே ஓட்டி வந்தேன். எதற்கு? எனக்கே தெரியாது. நான் நட்ட செடிகள் இருக்கின்றனவா என்று பார்க்க என்று வைத்துக்கொள். நானூறு சிவப்புத்தண்டு டாக்வுட், அறுநூறு வாள் பெரணி. இருக்கின்றன. ஆனால் வளைவில் நிற்கும் பெரிய சீடார் மரத்தில் ஐவிக் கொடி என் இடுப்பளவு ஏறிக் கிடந்தது. இரண்டு வருஷமாக ஒருத்தரும் அதைத் தொடவில்லை. மரத்தை நெரித்துக் கொல்லும் கொடி அது என்று உன் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லையா? பைக்கத்தியால் சுற்றிலும் அறுத்துவிட்டு வந்தேன். உன் 'யாரோ ஏதோ வெட்டியிருந்தார்கள்' அதுதான். போய் மரத்தைப் பார்.

நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினாய். அதனால் நானும் ஒன்று எழுதுகிறேன். இதை என்ன செய்ய வேண்டுமோ செய்.

மருந்து அடித்தேன். 2019 ஜூலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு. விசாரணையில் இல்லை என்று சொன்னது பொய். மூங்கில் மாதிரி வளருமே, அந்தக் களை. மூன்று வருஷம் மண்வெட்டியால் தோண்டினேன். விரல் நீளத் துண்டு மண்ணில் தங்கினால் போதும், அடுத்த வருஷம் புதராக வந்து நிற்கும். நான் நட்டதெல்லாம் அதன் அடியில் மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருந்தது. 'உங்க ஊர்க் களைதானே, நீயே சொல்லிப் பாரு, கேக்குதான்னு பாப்போம்' என்று உன்னைச் சீண்டுவேன். 'நான் பொறந்தது இந்த ஊர் ஆஸ்பத்திரியில, களைதான் ஜப்பான்ல பொறந்தது' என்பாய். சிரித்துக்கொண்டே தோண்டுவோம். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடித்தேன். இலை கருகியதைப் பார்த்தபோது அவமானமாக இருந்தது. சொல்ல முடியவில்லை.

ஆனால் ஜூலையில் இலையில் அடித்தது நவம்பரில் மீனைக் கொல்லாது. போன வருஷமும் இந்த வருஷமும் கொல்லவே கொல்லாது. அது உனக்கும் தெரியும்.

இனி ஒன்று மட்டும் சொல். மழை ஆரம்பித்து எவ்வளவு நேரத்தில் சாகின்றன? எப்படிச் சாகின்றன?

வெண்டல்


கார்வர்டன்
டிசம்பர் 17, 2021

வெண்டல்,

சீடாரைப் போய்ப் பார்த்தேன். கொடி சுற்றிலும் அறுந்து, மேலே காய்ந்து தொங்குகிறது. அறுத்த வளையம் ஒரே மட்டத்தில் இருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கிறேன்.

போன கடிதத்தில் என்னை 'நீ' என்று எழுதியிருந்தீர்கள். கோபத்தில்தான் என்று தெரிகிறது. ஆனாலும் அது எனக்குக் கஷ்டமாக இல்லை.

நீங்கள் எழுதிய மற்ற விஷயத்தை யாருக்கும் காட்டவில்லை. காட்டப்போவதும் இல்லை. மீனுக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்தால் காட்டியிருப்பேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கேட்டதற்குப் பதில். முதல் கன மழை பெய்து மூன்று மணி நேரத்துக்குள் சாகின்றன. டெல்மாவும் நானும் கரையில் நின்று பார்த்தோம். மீன் முதலில் மேல்மட்டத்துக்கு வருகிறது. வாயைப் பிளந்து பிளந்து மூடுகிறது. பிறகு குடித்தவனைப் போல வட்டமடிக்கிறது, கரையில் முட்டுகிறது, பக்கவாட்டில் சாய்கிறது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. டெல்மா முழங்கால் தண்ணீரில் இறங்கி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டார். "இங்க பாரு, இது கோஹோ. பக்கத்துல போகுது பாரு, அது சம் சால்மன். அதே தண்ணிதான். சம்முக்கு ஒண்ணுமே ஆகல, வாலை ஆட்டிட்டுப் போகுது. இது என் கையிலயே போகுது. என்ன கண்றாவிடா இது" என்றார். அவர் பாட்டன் காலத்தில் இந்த ஓடையில் மீன் முதுகு தட்டாமல் கடக்க முடியாதாம்.

கோஹோவை மட்டும் தேடிக் கொல்கிற அது என்ன என்று எனக்கு எதுவும் புரியவில்லை.

குழாய் உண்டா என்று இப்போதாவது சொல்வீர்களா?

ஜூடித்


வெனாச்சி பள்ளத்தாக்கு
டிசம்பர் 28, 2021

ஜூடித் அவர்களுக்கு,

உண்டு.

இரண்டு நாள் யோசித்தேன். அக்கா இன்னும் வேண்டாம் என்கிறாள். ஆனால் கையில் பிடித்த மீன் கையிலேயே போனதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

குழந்தைகள் விளையாட்டுத் திடல் இருக்கும் இடத்தில் முன்பு ஆழமில்லாத குளியல் குட்டை ஒன்று இருந்தது. 1987-இல் அதை மணல் போட்டு மூடினார்கள். அடியில் இருந்த வடிகாலை அடைக்கவில்லை. 2009-இல் ஊஞ்சல் கம்பம் நட மூன்றடி தோண்டியபோது மண்வெட்டி ஓர் இரும்புச் சல்லடையில் பட்டது. கீழே எட்டு அங்குலக் களிமண் குழாய். அப்போதைய மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "மூடி வைங்க, தெரிஞ்சா வேலை வரும்" என்றார். மூடினேன். அதனால்தான் வரைபடத்தில் இல்லை.

ஊஞ்சலின் வடக்குக் கம்பத்திலிருந்து ஓடையைப் பார்த்து நான்கு தப்படி. அங்கே தோண்டுங்கள். மறுமுனை வளைவில், சீடார் வேருக்குப் பின்னால், தண்ணீருக்கு அடியில் திறக்கிறது. ஆகஸ்டில் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் திடலில் மரப்பட்டைத் துண்டுதான் போட்டிருந்தோம். அதில் வடிந்து வரும் தண்ணீரைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. நீங்கள் கடைசியாகப் போட்ட ரப்பர்த் துருவல் எனக்குப் பிடிக்காது, வெயிலில் நாறும். அதைத் தவிர எனக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. என் சந்தேகம், மேல்தெருவில் யாரோ காரைக் கழுவியோ, கூரைப் பாசிக்கு மருந்து அடித்தோ அந்தப் பக்கம் விடுகிறார்கள் என்பதுதான்.

சல்லடையில் பச்சைச் சாயத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஒரு நிபந்தனை: டெல்மா ஜார்ஜ் கூட இருக்க வேண்டும். நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டு 'குழாய் எதுவும் இல்லை' என்று எழுதினால் நான் நம்ப மாட்டேன்.

வெண்டல்


கார்வர்டன்
ஜனவரி 11, 2022

வெண்டல்,

நேற்று நீங்கள் சொன்ன இடத்தில் தோண்டினோம். மூன்றடியில் சல்லடை கிடைத்தது. டெல்மா வளைவில் நின்றார், நான் மேலே நின்று சாயத்தை ஊற்றினேன். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. "பச்சை வந்துருச்சு ஜூடித்! வேருக்குப் பின்னாடி கொப்புளிச்சுட்டு வருது!" என்று அவர் கத்தியது வாகன நிறுத்தம் வரை கேட்டிருக்கும்.

பிறகு அவர் மேலே ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு திடலில் நின்றார். குனிந்து ஒரு கைப்பிடி அள்ளி மோந்து பார்த்தார்.

"இது என்ன, டயரா?"

"ஆமா. பழைய டயரைத் துருவினது."

"யாரு போட்டது?"

"நான்தான். 2019 கோடையில."

டெல்மா கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு, "சரி, முதல்ல யாருகிட்ட சொல்லப்போற?" என்று மட்டும் கேட்டார்.

உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நீங்கள் போன அந்த வருஷக் கடைசியில் ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. டயரில் விரிசல் விழாமல் இருக்க ரப்பரில் ஒன்றைக் கலக்கிறார்கள். அது காற்றுப் பட்டு வேறொன்றாக மாறுகிறது. கோஹோவுக்கு அது நஞ்சு. சம் மீனுக்கு ஒன்றும் செய்யாது. சாலையிலிருந்து மழை அடித்து வரும் டயர்த் தூள்தான் இந்தக் கடலோர ஊர்களில் கோஹோவைக் கொல்கிறதாம். அதைப் படித்துவிட்டு, 'நம்ம சாலைத் தண்ணி மண்ணுல வடிஞ்சுதான் வருது, நமக்குப் பிரச்சினை இல்லை' என்று மூடி வைத்தேன்.

இனி எழுதப் போவதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

போன மார்ச்சில் ஒரு நாள் மழை நின்றதும் திடலைக் கடந்து போனேன். ரப்பர் மேல் தேங்கிய தண்ணீரில் எண்ணெய் மாதிரி மினுமினுப்பு. அங்கேயே நின்றுவிட்டேன். அந்த ஆராய்ச்சி மனதில் வந்துவிட்டது. ஆனால் இந்தத் தண்ணீர் ஓடைக்குப் போக வழியில்லை, வரைபடத்தில் குழாய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகிவிட்டால் மீனைக் கொன்றது நீங்கள் இல்லை, நான். அந்த ரப்பருக்காக நகராட்சி எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தது. அது வெளியே வந்தால் நான் அந்த அறையில் சொன்ன கடைசி வாக்கியத்தோடு காலம் தள்ள வேண்டும்.

நவம்பரில் உங்களுக்கு எழுதியபோது எனக்குப் பாதி தெரியும். குழாய் எதுவும் இல்லை என்று நீங்கள் பதில் போடுவீர்கள், அப்புறம் நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் எழுதினேன். அக்டோபர் வண்டியைப் பற்றிக் கேட்டதும் அப்படித்தான். நீங்களாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று இருந்தது.

இன்று காலை ஹென்ஷாவிடம் சொன்னேன். "பலகை புதுப்பிக்கிறது ஆகட்டும். அப்புறம் சத்தமில்லாம மாத்திடலாம்" என்றார்.

ஜூடித்


வெனாச்சி பள்ளத்தாக்கு
ஜனவரி 20, 2022

இகாராஷி அவர்களுக்கு,

மார்ச்சிலிருந்து ஜனவரி வரை பத்து மாதம்.

உங்கள் டிசம்பர் 17 கடிதம் என் முன்னால் இருக்கிறது. 'எனக்கு எதுவும் புரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். எழுத்து மாறாது என்று நம்பித்தான் கடிதமாகக் கேட்டேன். எழுதும்போதே பொய்யாக இருந்தால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை.

அக்கா சொன்னது சரியாகிவிட்டது. அவளுக்கே அதில் சந்தோஷம் இல்லை. "நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன்டா" என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஹென்ஷா சத்தமில்லாமல் மாற்றுவார். நீங்களும் தலையாட்டுவீர்கள். மீன் பிழைக்கும், பலகை தொங்கும், என் பெயர் இருக்கிற இடத்திலேயே இருக்கும். உங்கள் இருவருக்கும் அது வசதி. எனக்கு மட்டும் இல்லை.

நகராட்சிப் பூங்காக் குழுக் கூட்டத்தின் பதிவேட்டில் இது ஏறும்வரை எனக்கு எழுத வேண்டாம். வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

ஹோக்ஸ்ட்ரா


கார்வர்டன்
ஜூன் 19, 2022

வெண்டல்,

கடிதத்துக்கு மேலே பதிவேட்டின் நகலைத்தான் வைத்திருக்கிறேன். உறையை வெளிச்சத்தில் பிடித்தால் நகராட்சித் தலைப்புத் தெரியும். பிரிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். பிப்ரவரிக் கூட்டத்தின் பட்டியலில் ஹென்ஷா இதைச் சேர்க்கவில்லை. மார்ச்சிலும் இல்லை. ஏப்ரலில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் டெல்மா எழுந்து நின்று, "வளைவுல பச்சைத் தண்ணி வந்ததை நான் பாத்தேன். எங்கேர்ந்து வந்துச்சுன்னு இங்க ஒருத்தருக்குத் தெரியும். அவங்களே சொல்லட்டும்னு உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எழுந்தேன்.

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் எழுந்திருப்பேனா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பர், குழாய், மார்ச் மாதம், மூடிய கதவுக்குப் பின்னால் சொன்ன வாக்கியம். குழு உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், "அப்போ அந்த ஹோக்ஸ்ட்ரா மருந்தே அடிக்கலைங்கிறீங்களா?"

உங்கள் டிசம்பர் கடிதம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. "அதை அவர்கிட்டயே கேளுங்க. கேட்டா சொல்லுவார். இங்க யாரும் அவரை ஒழுங்காக் கேட்டதே இல்ல. மீன் செத்ததுக்கு அவர் காரணம் இல்ல, நான்தான் காரணம். அதைச் சொல்லத்தான் எழுந்தேன்" என்றேன்.

உங்களை நீக்கிய உத்தரவில் மீன் சாவு பற்றிய வரியை எடுத்துவிட்டார்கள். மருந்து பற்றிய வரி இருக்கிறது. உங்களுக்குத் தனியாக எழுதுவார்கள்.

என்னை மேற்பார்வையிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது வடக்குப் பூங்காக்களில் புல் வெட்டும் குழுவில் இருக்கிறேன். மில்லிகன் வேலையை முடிக்க மட்டும் அனுமதி கேட்டு வாங்கினேன். மே முழுவதும் ரப்பரை வாரினோம், பதினொரு லாரி. மரப்பட்டை போட்டாயிற்று. சல்லடையைச் சிமெண்ட் வைத்து அடைத்தோம். திடல் தண்ணீர் இனி வளைவுக்கு வராது. மேட்டில் ஒரு பள்ளப் பாத்தி வெட்டி அதற்குள் திருப்பியிருக்கிறோம். அடியில் மணலும் மக்கும். மேலே நாணல் கோரை, டாக்வுட், சால்மன்பெரிப் புதர், எல்லாம் இந்த மண்ணுக்கே உரியவை. எல்லாம் முழங்கால் உயரம்தான். பலகையைக் கழற்றிவிட்டார்கள். அந்த இரண்டு கம்பமும் வெறுமனே நிற்கின்றன.

உங்களிடமிருந்து பதில் வர வேண்டும் என்று இல்லை. நவம்பரில் டெல்மாவும் நானும் எண்ணுவோம். கணக்கை நகராட்சி தன் இணையப் பக்கத்தில் போடும்.

ஜூடித்


வெனாச்சி பள்ளத்தாக்கு
நவம்பர் 20, 2022

ஜூடித்,

ஜூன் கடிதத்தை அப்போதே பிரித்தேன். பதில் எழுத வரவில்லை.

குழு எனக்கு எழுதியது. மருந்து அடித்தாயா என்று ஒரே வரியில் கேட்டிருந்தார்கள். அடித்தேன், ஜூலையில், ஒரு முறை, பொய்யும் சொன்னேன் என்று ஒரே வரியில் பதில் போட்டேன். அக்கா தபால்பெட்டி வரை கூட வந்தாள். "போட்டாச்சா? சரி, இனி ராத்திரி நல்லாத் தூங்கு" என்றாள். அவர்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றும் நான் காத்திருக்கவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு.

போன வாரம் உன் கணக்கை இணையத்தில் பார்த்தேன். கீழ்ப்பாலம் முதல் வளைவு வரை, முதல் மழைக்குப் பிறகு, உயிரோடு கோஹோ ஒன்பது, செத்தது இல்லை என்று போட்டிருந்தது. நான் நம்பவில்லை. ஐந்து மாதம் முன்பு நட்ட பாத்தி அவ்வளவு சீக்கிரம் வேலை செய்யுமா, பலகை திரும்ப வேண்டும் என்று யாரோ கூட்டி எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன். நீதான் எழுதியிருப்பாய் என்றே நினைத்தேன். மறைப்பதில் என்ன பயன்.

அடுத்த எண்ணிக்கை செவ்வாய்க்கிழமை என்றும் அதில் போட்டிருந்தது. அன்று விடிந்ததும் வண்டியை எடுத்தேன். முந்தின நாள் முழுக்க உங்கள் பக்கம் கொட்டித் தீர்த்திருந்தது. அங்கே வந்து, எதிர்க்கரையில் ஆல்டர் மரங்களுக்குள் உட்கார்ந்துகொண்டேன். பத்து மணிக்கு நீயும் டெல்மாவும் வந்தீர்கள். உனக்கு அந்த நீள ரப்பர் பூட்ஸ் பெரிது, தண்ணீரில் இரண்டு முறை தடுமாறினாய். டெல்மா உன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டே நானும் எண்ணினேன். அன்றும் ஒன்பது என்று நீ எழுதிக்கொண்டது உதட்டசைவில் தெரிந்தது.

எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. வந்தால் ஏதாவது பேச வேண்டியிருக்கும்.

நீங்கள் போன பிறகு இறங்கினேன். வளைவில் ஒரு பெண் மீன் செத்துக் கிடந்தது. காலையில் அது அங்கே கிடக்கவில்லை, ஆகவே நீங்கள் எண்ணிய ஒன்பதில் ஒன்றுதான். பைக்கத்தியால் வயிற்றைக் கீறினேன். காலி. நாலைந்து முட்டைதான் ஒட்டிக்கொண்டிருந்தது. வால் தேய்ந்து வெள்ளை எலும்பு தெரிந்தது, சரளையைத் தோண்டித் தோண்டித் தேய்ந்த வால். முட்டையிட்டு முடித்ததும் தானாகச் சாகிற இனம், வேலையை முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறது. தண்ணீரோரம் உட்கார்ந்தே கத்தியைக் கழுவினேன், கால்சட்டை நனைந்துவிட்டது.

அது முட்டையிட்ட குழிக்கு மேலே, சாய்ந்த மரத்துக்கு அடியில் இருட்டாக ஒரு மடு இருக்கிறது. கரையில் நின்றால் தெரியாது. படுத்துத்தான் பார்க்க வேண்டும். அங்கே இன்னும் இரண்டு இருந்தன, ஆணும் பெண்ணும், கன்னம் சிவந்து. அவற்றை நீங்கள் இருவருமே பார்க்கவில்லை.

ஆகவே மொத்தம் பதினொன்று. நீ கூட்டி எழுதவில்லை, குறைத்து எழுதியிருக்கிறாய்.

கணக்கைத் திருத்து. யார் பார்த்தது என்று கேட்டால் என் பெயரைப் போடு.

வெண்டல்